மயில்கழுத்து நிறத்தில் ஒரு பேட்டரி வண்டி

செப்டம்பர் 7, ஞாயிறு

இந்த நோட்டு என் மனைவி சாந்தாமணி கொடுத்தது. அடுத்த வீட்டுச் சமாச்சாரம் எதைச் சொல்லத் தோன்றினாலும் இதில் எழுதி வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. போன மாதம் பதினேழாம் நம்பர் வீட்டு மாப்பிள்ளையைப் பற்றி நான் ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னேன். அந்த ஆள் எதிர்வீட்டு ஆறுச்சாமியாக இருந்தது என் குற்றமா? சாயங்காலத்துக்குள் விஷயம் மாப்பிள்ளைக்கே போய், அவர் என் வீட்டுக்கு வந்து, தன்னைப் பற்றி எனக்குத் தெரியாத சில விவரங்களையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அவற்றை வெளியே சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

போகட்டும். இன்று சங்கக் கூட்டத்தில் என் வாய் வேறு ஒரு வேலை செய்துவிட்டது.

கோயமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்கள் காலனி. கேட் பள்ளத்தில், கிளப் ஹவுஸ் மேட்டில். நடுவே நல்ல ஏற்றம். முட்டி தேய்ந்தவர்கள் ஏறுவதற்காகச் செயலாளர் பாலகுருசாமி போன வருஷம் பழைய கோல்ஃப் வண்டி ஒன்றை வாங்கி வந்தார். பெரிய ஓட்டலில் ஓடிய வண்டி என்றார். நாங்கள் பேட்டரி வண்டி என்போம். "ரொம்ப மெதுவா ஓட்டின வண்டிங்க. ஏறினவங்க ஒருத்தர்கூட இதுவரைக்கும் ஒரு குறை சொன்னதில்லைன்னு புரோக்கர் சத்தியம் பண்ணினான்" என்று அப்போது பெருமையாகச் சொன்னார். ஆனால் அதன் கோலம் அப்படி. கிரீம் கலர் வெளுத்து, வெடித்து, யானைக்கால் மாதிரி இருக்கும். எங்கள் ஆட்கள் நொண்டிக்கொண்டே நடந்து போனாலும் போவார்கள், அதில் ஏறமாட்டார்கள். இப்போது அதில் நாய் ஒன்று குடித்தனம் இருக்கிறது.

பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று பாலகுருசாமி சொன்னதும் யாரோ எழுந்து, "நான் பாடியக் கழட்டிப் புதுசாப் பெயிண்ட் அடிச்சுத் தர்றேன், ஆயுத பூஜைக்கு வண்டி ரெடி" என்றார்கள். திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மில் ஸ்பேர்ஸ் விற்று ஓய்ந்தவன். இதுவரை பெயிண்ட் அடித்தது என் வீட்டு கேட்டுக்கு மட்டும். அது ஒரு மாதம் காயாமல் வந்தவர் போனவர் முழங்கையில் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றியது. ஆயுத பூஜைக்குள் ஆகாவிட்டால் வண்டி இரும்புக் கடைக்கு என்று தீர்மானம் எழுதிவிட்டார்கள்.

இது சங்கத்தின் மானத்துக்காகச் செய்வது. சாந்தா ஜனவரியில் கிளப் ஹவுஸ் படியில் எல்லோர் கண்முன்னும் விழுந்து இடுப்பெலும்பு ஒடிந்ததற்கும், உள்ளே கம்பி வைத்து டாக்டர் நடக்கலாம் என்று சொன்ன பிறகும் அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் மட்டுமே நடப்பதற்கும், அன்றிலிருந்து வாசற்படி தாண்டாததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சக்கர நாற்காலி வாங்கி வந்தேன். "தள்ளிக்கிட்டுப் போறதுக்கு நான் என்ன வாழப்பழ வண்டிங்களா?" என்றாள். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

வண்டியைத் தள்ளி வந்து என் வீட்டுப் போர்ட்டிகோவில் நிறுத்தியாகிவிட்டது. ஆறுச்சாமி வீட்டுப் போர்ட்டிகோ இதைவிடப் பெரிது, நிழலும் உண்டு, இடம் தருகிறேன் என்று கெஞ்சினார். என் வீட்டில் வெளிச்சம் நன்றாக விழுகிறது என்றேன். ஹால் ஜன்னலுக்கு நேர் எதிரே நின்றது தற்செயல்.

நாய் இடம் மாறிப் போனதில் என்மேல் கோபமாக இருக்கிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

வேலை ஆரம்பம். அமெரிக்காக்காரர் ஒருத்தர் கோல்ஃப் வண்டி கழற்றுவதை யூடியூபில் பார்த்துப் பாடம் படித்தேன். அவர் கையில் ஒரு சொட்டு கிரீஸ் படவில்லை. நான் டூல்ஸ் பெட்டியைத் திறந்ததுமே சட்டையை இழந்தேன்.

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும் என்று அவர் மூன்று தடவை சொன்னார். நானும் மூன்று தடவை தலையாட்டினேன். சீட்டைத் தூக்கினால் உள்ளே பேட்டரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஸ்பேனர் இரண்டு முனையில் ஒன்றாகப் பட்டுவிட்டது. தீபாவளி.

ஜன்னலிலிருந்து சாந்தாவின் குரல் வந்தது. "ஏனுங்க, உசுரோட இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அப்பப் பால்காரருக்குக் கேட்டத் தொறந்துவுடுங்க."

மூக்குப் பகுதி கழன்று வந்துவிட்டது. டேஷ்போர்டு ஒயர்களுக்கு அடையாளம் வைக்க அவளுடைய ஒட்டுப்பொட்டு அட்டையை எடுத்துக்கொண்டேன். சிவப்புப் பொட்டு ஹாரன், பச்சைப் பொட்டு லைட், கறுப்புப் பொட்டு என்னவென்று எனக்கே தெரியாது. போல்ட்டுகள் கலந்துபோகாமல் இருக்க இட்லித் தட்டு மாதிரி ஒரு சாமான் உலகத்தில் இல்லை. குழிக்கு ஒரு அளவு. அமெரிக்காக்காரருக்கு இந்த யோசனை வராது.

செப்டம்பர் 11, வியாழன்

இட்லித் தட்டு விஷயம் தெரிந்துவிட்டது. இன்று உப்புமா. நாளைக்கும் உப்புமா என்று சொல்லப்பட்டிருக்கிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

பின்பக்கத்துப் பாடியைக் கழற்ற ஆறுச்சாமி வந்தார். உதவிக்கு வந்ததாகச் சொன்னார். வேவு பார்க்க வந்தவர் என்பது எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் போவேன். பின் சீட்டை மடித்தால் பலகை மாதிரி நீளமாகிறது. ஆறுச்சாமி படுத்துப் பார்த்தார். ஆறடி ஆள், கால் கூட இடிக்கவில்லை. ஓட்டல்காரர்கள் வசதி வசதிதான் என்று மெச்சிக்கொண்டோம்.

பாடியைத் தூக்கினால் அடியில், இடுக்கு இடுக்காக, காய்ந்துபோன ரோஜா இதழ், சாமந்தி, பொரி. ஊடே சில்லறைக் காசுகள்.

பொரி ஆயுத பூஜைப் பொரியாக இருக்கலாம் என்றார் ஆறுச்சாமி. இதழும் காசும்? என்றேன் நான். நாற்பது வருஷம் ஊர் ஊராகச் சுற்றியவனுக்கு இதுகூடத் தெரியாதா. ஓட்டலில் கல்யாணம். மாப்பிள்ளையையும் பெண்ணையும் இந்த வண்டியில் உட்கார வைத்து ஊர்வலம் விட்டிருக்கிறார்கள். மேலே பூ தூவுகிறார்கள், பொரி தூவுகிறார்கள், காசு சுற்றிப் போடுகிறார்கள். ஆறுச்சாமி வாயைப் பிளந்துவிட்டார். கல்யாண வண்டி.

சாந்தாவிடம் ஜன்னல் வழியே சொன்னேன். அவள் நல்லநேரம் பார்க்காமல் கத்தரிக்காய்கூட நறுக்கமாட்டாள், சகுனம் என்றால் உயிர். காசைக் கழுவிப் பூஜை அறையில் பழனி உண்டியலில் போடச் சொன்னாள். போட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆறுச்சாமியும் யாரிடமும் சொல்லவில்லை என்கிறார். காலனி முழுக்கத் தெரிந்திருக்கிறது.

கல்யாணமாகாத பெண் வைத்திருக்கும் இரண்டு வீட்டுக்காரர்கள் வந்து, வண்டி ரெடியானதும் முதல் சவாரி எங்கள் பிள்ளைக்குத்தான் என்று துண்டு போட்டுவிட்டுப் போனார்கள். பாலகுருசாமி தான் தெரிந்தே கல்யாண வண்டியாகப் பார்த்து வாங்கியதாக வாட்ஸாப்பில் எழுதியிருக்கிறார். அந்த மனுஷனுக்கு நாக்கில் நரம்பே கிடையாது. நானாவது இருப்பதைப் பெரிதாக்குவேன். இவர் இல்லாததைப் பெரிதாக்குகிறார்.

சாயங்காலம் காப்பி கொடுக்கும்போது சாந்தா சாதாரணமாகத்தான் சொன்னாள். "பூஜையன்னைக்கு நானும் அதுல ஏறி மேல போய்க் கொலுப் பாத்துட்டு வரலாமுங்களா? கல்யாண வண்டிங்கறீங்களே."

காப்பியை வைத்துவிட்டு மாடிக்குப் போய்க் காயப்போட்ட துணியை எடுத்து வரலாம் என்று போனேன். இன்று துணி எதுவும் காயப்போட்டிருக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மிச்சமிருந்த கேட் பெயிண்ட்டை மூக்குப் பகுதியின் ஓரத்தில் அடித்துப் பார்த்தேன். இன்று காலை தோசை மாதிரி முழுசாக உரிந்து வந்தது. பாடி பிளாஸ்டிக்காம். அதற்கு வேறு பிரைமர், வேறு பெயிண்ட், வேறு ஆள். பேரூர் பக்கம் கார் பட்டறை வைத்திருக்கும் சேவியருக்குப் போன் செய்தேன். நான் மில்லுக்கு அலைந்த காலத்து சிநேகிதர். "உரிச்சது நீயா, தானா உரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். பாடித் துண்டுகளைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி அனுப்பச் சொன்னார். தேய்க்கிற வேலையை நானே வந்து செய்ய வேண்டும் என்பது கண்டிஷன். அவருக்கு வேடிக்கை பார்க்க வேண்டுமாம்.

கலர் விஷயம். வாட்ஸாப்பில் ஓட்டெடுப்பு வைத்தார்கள். வெள்ளைக்கு ஒரு கோஷ்டி, பச்சைக்கு ஒரு கோஷ்டி, காவி என்று ஒருத்தர் எழுதியதும் வேறு திசையில் சண்டை போய், அட்மின் குரூப்பைப் பூட்டிவிட்டார். சாந்தா அலமாரியைத் திறந்து ஒரு பட்டுப்புடவையை எடுத்துக் கொடுத்தாள். மயில்கழுத்து. இந்தக் கலர் அடிங்க என்றாள். பெயிண்ட் கடையில் புடவையை விரித்துக் காட்டிக் கலர் கலக்கச் சொன்ன முதல் ஆம்பளை நான்தானாம். கம்ப்யூட்டர் பார்த்துக் கலக்குகிற பெண் இரண்டு தடவை தப்பாகக் கலக்கி, மூன்றாவது தடவை புடவையின் மேலேயே ஒரு சொட்டு வைக்கப் பார்த்தாள். பாய்ந்து தடுத்தேன். இதில் ஒரு கறை பட்டிருந்தால் இந்த நோட்டு இன்றோடு முடிந்திருக்கும்.

செப்டம்பர் 19, வெள்ளி

தலைக்குக் குளித்துவிட்டு எழுதுகிறேன்.

பட்டறையில் மூக்கைத் தேய்த்து முடித்து, பின்பாடியின் பக்கவாட்டை எடுத்தேன். தண்ணீர் ஊற்றி வாட்டர் பேப்பரால் தேய்க்கத் தேய்க்க கிரீம் கலர் கரைந்து அடியில் வெள்ளை வந்தது. வெள்ளையின் மேல் நீலத்தில் எழுத்து. கடைசியிலிருந்து தேய்த்து வந்தேனா, முதலில் 'ஊர்தி' வந்தது. எனக்குக் குஷி. 'மணமக்கள்' என்று முன்னால் வரும் பார் என்று சேவியரைக் கூப்பிட்டு நிறுத்திவைத்துத் தேய்த்தேன்.

அமரர்.

அமரர் ஊர்தி.

வாட்டர் பேப்பரைக் கீழே போட்டுவிட்டேன். ரோஜா இதழ், சாமந்தி, பொரி, சில்லறைக் காசு. எத்தனை இழவுக்குப் போயிருக்கிறேன். எத்தனை தெருவில் பிணத்துக்குப் பின்னால் பொரியும் காசும் மிதித்து நடந்திருக்கிறேன். நாற்பது வருஷம் ஊர் சுற்றியவனாம். ஆறுச்சாமி அந்தப் பலகையில் கால் நீட்டிப் படுத்தார் ஐயா. ஏறினவர்கள் ஒருத்தர்கூடக் குறை சொல்லவில்லை என்று புரோக்கர் சொன்னது சத்தியத்திலும் சத்தியம்.

சேவியர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஏதோ மின்மயானத்துக்காரர்கள் கேட்டிலிருந்து உள்ளே கொண்டுபோக வைத்திருந்த வண்டியாக இருக்கும் என்றார். மிச்சத்தையும் தேய், எழுத்து மட்டமாகட்டும், பெயிண்ட் அடித்தால் யாருக்குத் தெரியும் என்றார். எனக்குக் கை வரவில்லை. அந்த எழுத்தின் மேல் கை வைக்கவே மாட்டேன் என்றேன். எப்படியாவது மூடு என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

"மூணு மணிக்கு எதுக்குங்க தலைக்குத் தண்ணி?" என்றாள் சாந்தா. பெயிண்ட் தூசி என்றேன். அவள் தலை துவட்டத் துண்டை நீட்டினாள்.

உண்டியலிலிருந்து அந்தக் காசுகளை எப்படி எடுப்பது? எது பழனிக்குப் போட்ட காசு, எது அந்தக் காசு? முருகன்தான் பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

செப்டம்பர் 20, சனி

என் ஆயுளில் கிடைத்த செய்திகளிலேயே இதுதான் ராஜா. பதினேழாம் நம்பர் மாப்பிள்ளையெல்லாம் இதன் கால்தூசி. இதை நான் யாரிடமும் சொல்ல முடியாது.

காலையில் ஆறுச்சாமி கேட்டருகே நின்று, என்ன அண்ணா, முகம் ஒரு மாதிரி இருக்கு என்றார். வயிறு சரியில்லை என்றேன். பொய்யும் இல்லை. நெஞ்சு வரை வந்த வார்த்தையைத் திரும்ப விழுங்கினால் அது எங்கே போகும்?

சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருத்தரும் ஏறமாட்டார்கள். பாலகுருசாமி முகம் போகும் போக்கைப் பார்க்கலாம், அது ஒரு லாபம். வண்டி இரும்புக் கடைக்குப் போகும். அதனால் எனக்கொன்றும் நஷ்டமில்லை.

பக்கத்து அறையில் தையல் மிஷின் சத்தம். உட்கார்ந்தே இருந்து உடம்பு போட்டுவிட்டதாம். மயில்கழுத்துப் புடவைக்கு ரவிக்கையைப் பிரித்துப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் மிஷினைத் தொட்டு மாதக்கணக்கில் ஆயிற்று.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. இன்றைக்காவது சாந்தாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு வந்து ஆரம்பித்தேன். "சாந்தா, அந்த வண்டி இருக்குதில்ல..."

"கொலுவுல அந்த மூணாவது படிய வருஷா வருஷம் தப்பாத்தான் வக்கிறாங்க. இந்தத் தடவை நேர்ல பாத்துச் சொல்லிப்போடோணும்" என்றாள். "வண்டிக்கு என்னங்க?"

சீட்டுக்குப் புது ரெக்ஸின் போடலாமா என்று கேட்டேன். போடலாம் என்றாள்.

செப்டம்பர் 24, புதன்

சேவியர் அடித்துவிட்டார். போய்ப் பார்த்தேன். வெயிலில் கொண்டுவந்து வைத்ததும் எட்ட நின்றும் கிட்ட நின்றும் பார்த்தேன். ஒரு பக்கம் பார்த்தால் நீலம், தலையைச் சாய்த்தால் பச்சை. எழுத்து இருந்த இடமே தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது. பழைய வண்டியை யார் நினைக்கப் போகிறார்கள்? மனுஷனுக்கு ஒரு கல்யாணம், இரண்டாம் கல்யாணம் என்று இருப்பதில்லையா? வண்டிக்கும் அப்படித்தான்.

இருந்தாலும் வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். "பெயிண்ட் அடிச்சது அவரு, குளிக்கறது நீங்க" என்றாள் சாந்தா.

செப்டம்பர் 27, சனி

பாடி மாட்டியாகிவிட்டது. ஒட்டுப்பொட்டைப் பார்த்துப் பார்த்து ஒயர் கொடுத்தேன். லைட் சுவிட்சை அழுத்தினால் ஹாரன் அடிக்கிறது, ஹாரனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. கறுப்புப் பொட்டின் வேலை. ரிவர்ஸ் போகிறது, முன்னாலும் போகிறது, அது போதும். எல்லாம் மாட்டி முடித்த பிறகு இட்லித் தட்டில் நான்கு போல்ட் மிச்சம். அமெரிக்காக்காரர் இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 29, திங்கள்

பாலகுருசாமி வந்து வண்டியை மூன்று சுற்று சுற்றி வந்தார். நான் வாங்கும்போதே தெரியும், நல்ல ராசியான வண்டி என்றார். இன்னும் எத்தனையோ பேரைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்க்கும் என்றார். நாக்கைக் கடித்ததில் இன்னும் வலிக்கிறது.

சாந்தா ரவிக்கையைப் போட்டுப் பார்த்தாள். சரியாக இருக்கிறது.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

காலையிலேயே போர்ட்டிகோவில் பாதிக் காலனி. வண்டிக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று, மூக்கில் மாலை. பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு பாலகுருசாமி கிரிக்கெட் கேப்டன் மாதிரி நின்றார். சாந்தாவே பொட்டு வைக்கட்டும் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள்.

அவள் மயில்கழுத்துப் புடவையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டி வந்தாள். அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தவன், பழம் உருண்டுவிடாமல் இருக்க வேண்டுமே என்று தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அங்கேயே குனிந்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பொட்டோடு விடமாட்டார்கள். கை நிறையச் சந்தனம் அள்ளி அப்பினால்தான் பூஜை. சாந்தா பன்னீர் விட்டுத் தளரக் கரைத்திருந்தாள். ஒரு கையால் வாக்கர், மறு கையால் பின்பாடியின் பக்கவாட்டில் நீளமாக ஒரே இழுப்பு. ரொம்ப வழிகிறது என்று தோன்றியிருக்கும், துணியை வாங்கி மேலாகத் துடைத்தாள். மட்டமான இடத்தில் எல்லாம் சந்தனம் போய்விட்டது. போகாத இடத்தில் நின்றது.

நிறத்தைத்தான் சேவியர் மூடியிருந்தார். எழுத்தின் மேடு அப்படியே இருந்திருக்கிறது. நான் தேய்க்க மாட்டேன் என்று ஓடி வந்த எழுத்து, ஓரமெல்லாம் சந்தனம் கட்டி, மயில்கழுத்தின் மேல் மஞ்சளாக, திருத்தமாக, எட்டு வீட்டுக்குத் தெரிகிற மாதிரி எழுந்து நின்றது.

அமரர் ஊர்தி.

முதலில் படித்தது யார் என்று தெரியாது. பெண்கள் இரண்டடி பின்னால் போனார்கள். கல்யாணமாகாத பெண்ணின் அம்மா பெண்ணை இழுத்துக்கொண்டு கேட் வரை போய்விட்டார். தீட்டு என்றது ஒரு குரல். பாலகுருசாமி பூசணிக்காயை மார்போடு அணைத்துக்கொண்டார். புரோக்கர், புரோக்கர் என்று இரண்டு தடவை சொன்னார். ஆறுச்சாமி தான் படுத்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாந்தா இன்னொரு தடவை விரலால் எழுத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

"அதுக்குத்தான் நேரங்கெட்ட நேரத்துல தலைக்குக் குளிச்சீங்களா?"

தலையாட்டினேன். வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன், நீ உள்ளே போ சாந்தா என்று சொல்ல நினைத்தேன். சொன்னேனா என்று ஞாபகமில்லை.

அவள் வாக்கரை இரண்டு தட்டுத் தட்டி வண்டியின் முன்பக்கம் நகர்த்தினாள்.

"ஏனுங்க, இதுல ஏறிப்போனவங்க ஒருத்தராச்சும் திரும்பி வந்திருக்காங்களா?"

"எப்படி வருவாங்க?"

"அப்ப நான் மொத ஆளாப் போயிட்டுத் திரும்பி வர்றேன். வண்டிய எடுங்க."

வாக்கரைக் கையில் வாங்கிக்கொண்டு, இடுப்பில் கை கொடுத்து ஏற்றிவிட்டேன். உட்காரும்போது ஒரு தடவை முகம் சுளித்தாள், அவ்வளவுதான். நான் சாவியைத் திருப்பியதும் பின் சீட்டில் தொம் என்று ஒரு சத்தம். ஆறுச்சாமி. கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பயந்த ஆள்தான். ஆனால் மேலே கிளப் ஹவுஸில் நடப்பதைத் தான் பார்க்காமல் வேறு யாராவது வந்து சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அதைவிடப் பெரிது.

எலுமிச்சம்பழம் நசுங்கியது. பூசணிக்காய் பாலகுருசாமி உடைத்ததா, தானாக விழுந்ததா என்பதில் இரண்டு கட்சி இருக்கிறது.

ஏற்றத்தில் வண்டி நடக்கிற வேகத்தில்தான் ஏறியது. பழகின வேகம். வளைவில் சாந்தா என் கையைப் பார்த்தாள்.

"பயமா இருக்குதுங்களா?"

"எனக்கென்ன பயம்?"

"ஸ்டேரிங் ஆடுது."

"நாலு போல்ட்டு மிச்சமாயிருச்சு" என்றேன். அப்போதுதான் பின்சீட்டில் ஆறுச்சாமி கண்ணைத் திறந்தார்.

கிளப் ஹவுஸ் வாசலில் நிறுத்தியதும் அந்தப் படி. நான் ஒரு பக்கம், ஆறுச்சாமி ஒரு பக்கம். வேண்டாம் என்று கையை ஒதுக்கிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொன்றாக ஏறினாள். உள்ளே போய்க் கொலுவை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். மூணாவது படியில் தசாவதாரம் வரிசை மாறியிருக்கிறதாம், வாமனரைத் தூக்கிப் பரசுராமருக்கு அப்பால் வைத்திருக்கிறார்களாம். நாற்காலி போடச் சொல்லி, உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் எடுத்து மாற்றவைத்தாள். அந்தப் பொறுப்பில் இருந்த அம்மாள் முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. ஆறுச்சாமி சாயங்காலத்துக்குள் வர்ணித்துவிடுவார்.

திரும்பி வந்தபோது கூட்டம் கலையாமல் போர்ட்டிகோவிலேயே நின்றது. போன ஆள் வருகிறதா என்று பார்க்க நின்றவர்கள் மாதிரி. சாந்தா இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து, "வந்துட்டேன்" என்றாள்.

முதலில் சிரித்தது, கேட் வரை போன அந்த அம்மா. அப்புறம் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து, மறுசவாரி தங்களுக்கு என்று சொன்னார். திரும்பி வந்த வண்டியாயிற்றே.

பாலகுருசாமி எழுத்தைச் சுரண்டிவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். பூஜைச் சந்தனத்தில் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டாள் சாந்தா. நானும் இன்று தலைக்குக் குளிக்கவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. காலைப் பலகாரம் ஆனதும் வண்டி வந்து ஹாரன் அடித்தது. லைட்டைப் போட்டிருக்கிறார்கள் என்று புரிந்தது. ஓட்டி வந்தவர் பாலகுருசாமி. பரிகாரமாக இருக்கும். பின்னால் மூன்று பெண்கள். சாந்தா என்னைக் கூப்பிடவில்லை. ஏறிக்கொண்டு கிளப் ஹவுஸுக்குப் போய்விட்டாள்.

ரசம் வைத்தேன். அப்பளம் சுட்டேன். சாப்பாட்டு நேரம் தாண்டிற்று, ஆள் வரவில்லை. போன் செய்தேன். பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம். பதினேழாம் நம்பர் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தது. மாப்பிள்ளை எனக்கு நேரில் சொன்ன விவரத்தை நான் இவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

"நீங்க சாப்பிட்டுப் படுங்க. நான் வர நேரமாகும்" என்று வைத்துவிட்டாள்.

ரசத்தில் உப்பு கூடிவிட்டது. இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டேன். இப்போது மணி நாலரை. இன்னும் திரும்பவில்லை.